நாலு புள்ளி ஆறு பேர்

"நாலு புள்ளி ஆறு" என்றான் ஜெரால்ட்.

ரத்னகலா டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். பேக்கரியில் காலைக் கூட்டம் வடிந்திருந்தது. "அஞ்சுக்கு?"

"இன்னும் பாயிண்ட் நாலு வேணும்க்கா."

"அரை ஆளுகூட இல்லீங்களே" என்றார் துரைசாமி, தேங்காய் பன்னைப் பிய்த்தபடி. "எம்பட முழங்கால் ரெண்டும் செத்து நாலு வருசமாச்சு. அதையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க தம்பி. அஞ்சாயிரும்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை.

ஊசிக்கல்மேடு ரோட்டில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு ரத்னகலாவின் குழு விண்ணப்பிப்பது இது மூன்றாவது வருடம். முன்பெல்லாம் பாதை வேண்டுமென்றால் மனு கொடுக்கலாம், மறியல் செய்யலாம், கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் உட்காரலாம். 2041இல் அந்தச் சங்கதிகளெல்லாம் செல்லுபடியாகாது. எந்தச் சாலைக்கு என்ன செய்வது என்பதை ஆரூடம் முடிவுசெய்தது. மனிதர் அல்ல, கணினி. கம்பத்துக்குக் கம்பம் அதன் கேமரா. விண்ணப்பம் போட்டால் ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, ஒரு சாலையை உற்றுப் பார்க்கும். லாரிக்கும் சைக்கிளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, என்ன வேகம், எத்தனை பேர் மயிரிழையில் தப்பினார்கள் என்று குறித்துக்கொள்ளும். பிறகு ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் இந்தச் சாலையில் எத்தனை சைக்கிள்காரர்கள் சாவார்கள் என்பதுதான் அந்த எண்.

ஐந்து என்றால் நாற்பது நாளில் கான்கிரீட் தடுப்போடு பாதை வந்துவிடும். எந்த மந்திரியாலும் நிறுத்த முடியாது. ஐந்துக்குக் கீழே என்றால் எந்த மந்திரியாலும் கொடுக்க முடியாது. சிபாரிசுக்கு மசியாத இயந்திரம் என்று ஊரே கொண்டாடியது. ரத்னகலாவும்தான்.

"முந்தின வருசம் நாலு புள்ளி ஒம்பது, போன வருசம் நாலு புள்ளி ஏழு, இப்ப நாலு புள்ளி ஆறா?" என்றாள் அவள். "லாரி கூடிட்டே போகுது. இது மட்டும் எப்படிக் குறையுது?"

ஜெரால்ட் மாநகராட்சியின் சாலைப் பிரிவில் இளநிலைப் பொறியாளன். நாகர்கோவில் பையன். ஆரூடத்தின் எண்களை வாசித்துச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். அலுவலகத்தில் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் பேக்கரிக்கு வரச் சொல்லியிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க கயிறுதான் காரணம்."

அந்தக் கயிறு பனியன் வேஸ்ட் துணியை மூன்று புரியாக முறுக்கித் திரித்தது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். ரத்னகலா ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு காலை, அவள் கண்ணெதிரே மூன்று பெண்கள் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அன்று மாலையே அந்தக் கயிற்றைத் திரிக்கவைத்தாள். காலை எட்டுக்கும் மாலை ஐந்தரைக்கும், ஷிப்ட் மாறும் நேரத்தில், நான்கு கேட் வாசலிலும் ஆட்கள் கயிற்றைச் சாலைக்குக் குறுக்கே இழுத்துப் பிடிப்பார்கள். டிரைவரில்லாத லாரிகள் அதைத் தடுப்பென்று எண்ணி நின்றுவிடும். இருபது நிமிடத்தில் இரண்டாயிரத்து முந்நூறு சைக்கிள்கள் போய்விடும். அதில் முக்கால்வாசி பெண்கள்.

துரைசாமி இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். லாரிகள் தாமே ஓடக் கற்றுக்கொண்ட நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது முதல் கேட் கயிறு அவருடையது. விசிலும் அவருடையதே.

"கயிறு புடிச்சா ஆளு சாகறதில்ல. அது தப்பா?" என்றார்.

"தப்பில்ல. ஆனா ஆரூடத்துக்குக் கயிறுன்னா என்னன்னு தெரியாது. லாரி நிக்குது, சைக்கிள் போகுது, ஆபத்து குறைவுன்னு எழுதிக்குது. நீங்க காப்பாத்துற ஒவ்வொரு ஆளும் அந்த எண்ணுல கழியுறாங்க." ஜெரால்ட் எழுந்தான். டீயைப் பாதிதான் குடித்திருந்தான். "புதுசா விண்ணப்பம் போட்டா அடுத்த கணக்கெடுப்பு பதினாலாம் தேதி, திங்கக்கிழமை. நான் வேற எதுவும் சொல்லலக்கா."

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

*

மதிய இடைவேளையில், கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில், கயிற்றுக் குழுவின் நாற்பது பேரும் டிபன் பாக்ஸும் கையுமாகக் கூடினார்கள்.

"ஆறு நாள் கயித்தை விடறதுன்னா, ஆறு நாள் இந்தப் புள்ளைகளை லாரிக்கு முன்னால தள்ளி விடறதுங் அம்மிணி" என்றார் துரைசாமி. "நான் ஓட்டியிருக்கேன். முன்னால போற சைக்கிள் லேசா ஆடுனா, இந்தப் புள்ள நேத்துத் தூங்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுத் தள்ளிப் போவேன். இதுகளுக்கு அரை மீட்டர்னு சொல்லி வெச்சிருக்குது. அரை மீட்டர்னா அரை மீட்டர்தான். அவ தூங்குனாளா சாப்பிட்டாளான்னு அதுக்கென்ன?"

"பெரிப்பா, நீங்க இன்னும் எத்தன வருசம் கயிறு புடிப்பீங்க?" நிவேஷா கேட்டாள்.

நிவேஷாவுக்கு இருபத்திரண்டு வயது. ஓவர்லாக் டெய்லர், குழுவுக்குச் செயலாளர். மூன்று விண்ணப்பங்களையும் எழுதியவள் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம்.

"சாகற வரைக்கும் புடிப்பேன்."

"உங்க முழங்கால் முந்திக்கிச்சே பெரிப்பா."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். துரைசாமியும்.

"ஆறே நாள்" என்றாள் நிவேஷா. "பல்லைக் கடிச்சுக்கிட்டா ஆயுசுக்கும் பாதை. எங்களுக்கப்புறம் வர்ற புள்ளைகளுக்கும் சேத்து. எல்லாரும் பத்திரமா ஓட்டுங்கன்னு சொல்லிவிட்டா ஆச்சு."

"பத்திரமா ஓட்டுனா எண்ணு ஏறாதே கண்ணு."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எவராலும் முடியவில்லை. பத்திரமாக ஓட்டக் கூடாது என்று சொல்லவும் எவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். விட வேண்டும் என்பவர்கள் முப்பத்தொருவர், கூடாது என்பவர்கள் ஒன்பது பேர்.

முதலில் தூக்கிய கை ரத்னகலாவுடையது.

*

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நான்கு வருடங்களில் முதல் முறையாக, கேட் வாசலில் கயிறு இல்லை.

ரத்னகலா இரண்டாவது கேட் எதிரே நின்று பார்த்தாள். லாரிகள் ஒரே சீராக, ஒரே வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. திட்டவோ ஹாரன் அடிக்கவோ அவற்றில் ஆளில்லை. தார் முடிந்து மண் தொடங்குகிற விளிம்பில், நாலு விரல் பள்ளத்தை ஒட்டி, பெண்கள் ஒற்றை வரிசையாக மிதித்தார்கள். துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பேசிச் சிரித்துக்கொண்டே வருகிற கூட்டம் அன்று வாய் திறக்கவில்லை.

செவ்வாயன்று ஒருத்தி சாக்கடையில் விழுந்தாள், முட்டி சிராய்ப்பு. புதனன்று ஒரு சைக்கிளின் பின்சக்கரம் நசுங்கியது. ஓட்டியவள் குதித்துவிட்டாள். துரைசாமி மூன்று நாளும் முதல் கேட்டில் வெறும் கையோடு நின்று, விசிலை மட்டும் தொண்டை வறள ஊதிக்கொண்டிருந்தார். விசிலுக்கு லாரிகள் நிற்பதில்லை.

வியாழன் மாலை ஷிப்ட் முடிந்து ரத்னகலாவும் நிவேஷாவும் சைக்கிளை எடுக்கும்போது போன் வந்தது. ஜெரால்ட்.

"அக்கா, வெளிய சொல்லக் கூடாது. அஞ்சு புள்ளி ஒண்ணு."

ரத்னகலா சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். "கெடச்சிருச்சா?"

"இப்போதைக்கு. ஆனா லாரிக் கம்பெனிக்காரங்க மறுஆய்வு கேட்டா கொஞ்சம் குறையும். போன வருசம் மில் ரோட்டுல அப்படித்தான். அஞ்சு புள்ளி ரெண்டு வந்து, மறுஆய்வுல நாலு புள்ளி ஒம்பது ஆச்சு. எல்லாம் போச்சு."

"கேப்பாங்களா?"

"தெரியாதுக்கா. கேக்கலாம், கேக்காமலும் விடலாம்."

போனை வைத்தாள். நிவேஷா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகமெல்லாம் பல்.

"தாண்டிருச்சுங்களாக்கா! அப்ப நாளைக்கே கயிறு கட்டிரலாங்களா?"

மில் ரோட்டுக்காரர்கள் அன்று மாநகராட்சி வாசலில் தரையில் உட்கார்ந்து அழுததை ரத்னகலா பார்த்திருக்கிறாள். மூன்று வருட அலைச்சல். இதை மறுபடியும் ஒருமுறை செய்யச் சொன்னால் இந்த நாற்பது பேரில் நாலு பேர்கூட வரமாட்டார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் நிவி. கொஞ்சம் மிச்சம் வேணும். யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லிராத. தெரிஞ்சா அவனவன் நாளைக்கே கயித்தைத் தூக்கிட்டு வந்துருவான்."

நிவேஷா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "சரிங்க்கா" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

*

சனிக்கிழமை காலை எட்டு ஐந்து.

மூன்றாவது கேட்டுக்கு நூறடி முன்னால் தார் விளிம்பு உடைந்திருந்தது. நிவேஷாவின் முன்சக்கரம் அதில் இறங்கி, மீண்டும் மேலேற முயன்று, வழுக்கியது. லாரி அரை மீட்டர் தள்ளித்தான் வந்தது. அவள் அரை மீட்டருக்கு மேல் சாய்ந்துவிட்டாள். லாரி உடனே நின்றது. அபாய விளக்கைப் போட்டது. ஆம்புலன்ஸை அதுவே கூப்பிட்டது. எல்லாவற்றையும் முறையாகச் செய்தது.

முதல் கேட்டிலிருந்து துரைசாமி ஓடிவந்தார். செத்துப்போனதாக அவர் சொன்ன முழங்கால்களோடு, அரைக் கிலோமீட்டர். வந்து பார்த்துவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் முகத்தின் மேல் போட்டார். ரத்னகலா வந்து சேர்ந்தபோது அவர் சாலை நடுவில், லாரி வரிசைக்கு முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இப்ப வா" என்று லாரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "இப்ப வாடா பாக்கலாம்."

*

அடுத்த செவ்வாய்க்கிழமை எண் வந்தது. ஐந்து புள்ளி நான்கு ஒன்று. பாதை உறுதி.

ஜெரால்ட் நேரிலேயே வந்தான். கம்பெனி வாசலில், வேப்பமரத்தடியில் நின்றான். உள்ளே வர மறுத்துவிட்டான்.

"லாரிக் கம்பெனிக்காரங்க?" என்று கேட்டாள் ரத்னகலா.

"மறுஆய்வு கேக்கல. கேக்க மாட்டோம்னு எழுதியே குடுத்துட்டாங்க."

"நிவேஷா செத்ததால பயந்துட்டாங்களா?"

ஜெரால்ட் தரையைப் பார்த்தான். "இல்லக்கா. அந்தக் கடுதாசி வெள்ளிக்கிழமை மத்தியானமே எங்க ஆபீசுக்கு வந்துருக்கு. அவங்களுக்கு அந்த ரோட்டை விட பைபாஸ்தான் லாபமாம். தபால் பிரிவுல கெடந்தது. நான் நேத்துத்தான் பாத்தேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம். ரத்னகலா அந்த இரண்டு சொற்களையும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"அவ சாவுக்கு எவ்வளவு ஏறுச்சு? அந்த நாலு ஒண்ணுல?"

"வேண்டாம்க்கா."

"சொல்லு தம்பி."

"நடந்து முடிஞ்சதை ஆரூடம் எண்ணாது. அது விபத்துப் பதிவுக்குப் போயிரும். நடக்கப்போறதை மட்டும்தான் எண்ணும்." அவன் போனை எடுத்துப் பார்த்துச் சொன்னான். "சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு அஞ்சு புள்ளி நாலு மூணு இருந்துச்சு. அவங்க இனிமே அந்த ரோட்டுல வரமாட்டாங்கள்ல… அவங்க பங்கு கழிஞ்சிருச்சு."

*

பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு ரத்னகலா நிவேஷாவின் வீட்டுக்குப் போனாள். நிவேஷாவின் அம்மா சுகன்யாவும் பனியன் கம்பெனிதான், செக்கிங் செக்‌ஷன். அதே சாலையில்தான் அவளும் சைக்கிளில் வருவாள். பந்தல் பிரித்த மூங்கில்கள் வாசலில் கிடந்தன. சுகன்யா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ரத்னகலா உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளைச் சொன்னாள். வியாழக்கிழமையே ஐந்து தாண்டியது. கயிறு கட்டலாமா என்று உன் மகள் கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். அவள் போனதால் எண் ஏறவும் இல்லை. ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

சுகன்யா முழுவதையும் கேட்டாள்.

"தெரியுங்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமை சாப்புடறப்பவே சொன்னா. அஞ்சு தாண்டிருச்சும்மா, யார்கிட்டயும் சொல்லிராதன்னா. அந்த உடைஞ்ச எடத்துல பயமா இருக்குது, நாளைக்கு ஒருநாள் லீவு போடட்டுமான்னு கேட்டா." சுகன்யா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நாந்தான் சொன்னேன். செயலாளரே லீவு போட்டா மத்தவங்க என்ன நெனப்பாங்க, ஒருநாள்தானே, போயிட்டு வந்துரு சாமின்னு."

ரத்னகலா இப்போது உட்கார்ந்தாள்.

"ஊர்ல எல்லாரும் எம் பொண்ணு உசுரு குடுத்து வாங்குன பாதைன்னு பேசிக்கறாங்க. அவ பேரை வெக்கப்போறாங்களாம். பால்காரர்கூட நேத்து அதைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாரு." சுகன்யா நிமிர்ந்தாள். "அது அப்படியே இருக்கட்டுங்க்கா. நீங்க சொன்னதை வெளிய சொல்லிப்போடாதீங்க. நீங்க உங்க பாரத்தை எறக்கி வெச்சுட்டுப் போயிருவீங்க. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

திட்டுவாள், அடிப்பாள், காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்துத்தான் ரத்னகலா வந்திருந்தாள். அதெல்லாம் நடந்திருந்தால் எழுந்து போயிருக்கலாம்.

"சொல்லலை" என்றாள்.

*

சொன்ன கெடுவுக்குள் பாதை முடிந்தது. பச்சை வண்ணம் பூசிய மூன்று கிலோமீட்டர், இடுப்புயரக் கான்கிரீட் தடுப்பு. திறப்பு விழாவுக்குச் சாமியானா போட்டிருந்தார்கள். நிவேஷாவின் படத்துக்கு மாலை. பேசியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள்: ஓர் உயிர் கொடுத்த பாதை. துரைசாமி விழாவுக்கு வரவில்லை.

ரத்னகலா முன்வரிசையில் சுகன்யாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு பெண் அவளைத் தேடி வந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள்.

"அக்கா, எம் பேரு அபிநயா. பக்கத்து மாவட்டத்துல இருந்து வர்றேன். எங்க ஸ்கூல் ரோட்டுக்குப் பாதை கேட்டு ரெண்டு வருசமா அலையறோம். எங்களுக்கு நாலு புள்ளி எட்டு." தாளைக் காட்டினாள். "நாங்க பெத்தவங்க எல்லாம் சேந்து, காலைல ஆட்டோவைக் குறுக்க நிறுத்திப் பசங்களை அனுப்புறோம். அதனாலதான் எண்ணு ஏறலன்னு உங்க ஊர் விஷயத்தைக் கேட்டப்புறம்தான் புரிஞ்சுது. அடுத்த வாரம் கணக்கெடுப்பு. நாங்களும் ஒரு வாரம் விட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். எல்லாருக்கும் பயந்தான். ஆனா உங்க கதையைச் சொல்லித்தான் தைரியம் குடுத்து வெச்சிருக்கேன். அப்படியே யாருக்காச்சும் எதாவது ஆனாலும்… நிவேஷா மாதிரி… வீணாப் போகாதில்லீங்க?"

ரத்னகலா வாயைத் திறந்தாள். சுகன்யாவின் முகத்தைப் பார்த்தாள். கொடுத்த வாக்கு நாக்கைக் கட்டியது. மறுபக்கம், அடுத்த வாரம் ஆட்டோ இல்லாமல் ரோட்டில் இறங்கப்போகும் ஸ்கூல் பிள்ளைகள். இரண்டுக்கும் நடுவே அவள் மூச்சை இழுத்து, "இங்க பாரும்மா" என்று ஆரம்பித்தாள்.

"வீணாத்தான் போச்சு" என்றாள் சுகன்யா.

அபிநயா திரும்பினாள். "நீங்க…?"

"அவ அம்மா." சுகன்யா எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. "வியாழக்கிழமையே அஞ்சு தாண்டிருச்சு. சனிக்கிழமை அவ போயிருக்கவே வேண்டாம். அவ செத்தது எண்ணுலயும் வரலை. செத்துப் போனவங்களை அது எண்ணாதாம். கொறச்சுக்குமாம். போயி உங்க ஆளுங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லு. அந்தக் கதையைச் சொல்லாத."

பக்கத்தில் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் அப்படியே நின்றார்கள். விஷயம் சாமியானா முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும் என்று ரத்னகலாவுக்குத் தெரியும். சுகன்யாவுக்கும் தெரிந்திருக்கும்.

அபிநயா தாளைக் கீழே இறக்கினாள். "அப்ப எங்க பசங்களுக்குப் பாதை?"

"இந்த வருசம் கெடைக்காதும்மா" என்றாள் ரத்னகலா. "அடுத்த வருசமும் கெடைக்காது. ஆட்டோவை எடுத்துராதீங்க."

அந்தப் பெண் ஓரமாகப் போய், யாருக்கோ போன் போட்டு, அழுதுகொண்டே பேசினாள். திங்கட்கிழமை, ஆட்டோ, வழக்கம்போல என்ற வார்த்தைகள் மட்டும் இங்கே கேட்டன.

மாலை ஷிப்ட் விட்டது. பச்சைப் பாதையில் சைக்கிள்கள் வரத் தொடங்கின. இரண்டிரண்டு பேராக, பேசிக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல். சுகன்யா தடுப்புச் சுவரில் சாய்ந்து அவர்களையே பார்த்தாள்.

"அவங்க புள்ளைகளுக்காகச் சொல்லிப்போட்டேன்" என்றாள். "இனி வீட்டுக்குப் போயி, எனக்கு நானே என்னத்தச் சொல்லிக்கறதுங்க்கா?"

ரத்னகலா கடைசிச் சைக்கிள் போகும்வரை அவளோடு நின்றாள்.